வாயிருந்தும் பேசாத பெட்டி

ஓர் ஊருக்குள் அரசு பல உருவங்களில் வந்து நிற்கிறது. காவல் நிலையமாக வந்தால் மக்கள் ஒதுங்கி நடப்பர். வட்டாட்சியர் அலுவலகமாக வந்தால் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் படியேறுவர். அஞ்சல் பெட்டியாக வந்தபோது மட்டும் ஒருவரும் தயங்கவில்லை. ஆலமரத்திலோ, தேநீர்க் கடைத் தூணிலோ, பள்ளிக்கூடச் சுவரிலோ தொங்கிய அந்தச் சிவப்புப் பெட்டி, வந்தவர் யார், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று வினவியதில்லை. செருப்பணிந்து வந்தவருக்கும் அணியாமல் வந்தவருக்கும் அதன் வாய் ஒரே அகலமாய்த் திறந்திருந்தது.

கோட்டைகளுக்கும் கோவில்களுக்கும் பேராலயங்களுக்கும் நாம் வரலாறு தேடுகிறோம். தெருமுனையில் நிற்கும் பெட்டிக்குத் தேடுவதில்லை. நாள்தோறும் காணும் பொருளுக்கு வரலாறு ஏது என்பது நம் எண்ணம் போலும். ஆயினும் சிந்தித்துப் பார்த்தால் வியப்பான ஒரு கேள்வி எழுகிறது. மனிதன் தன் மனத்தின் மறைவான செய்தியை, காவலாள் ஒருவரும் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வீடு செல்ல எப்போது கற்றுக்கொண்டான்? எதை நம்பிக் கற்றுக்கொண்டான்? அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிந்த கையும் அறியாத கையும்

பழங்காலத்தில் கடிதம் என்பது அறிந்தவர் ஒருவரின் கையில்தான் பயணம் செய்தது. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைப் பெபா என்ற திருத்தொண்டரே எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்பது மறைநூல் அறிஞர் பலரின் கருத்து. திருமுகத்தின் இறுதியில் அவரை ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் பரிந்துரைப்பதை நாம் வாசிக்கிறோம். கடிதத்தை நம்புவதற்கு முன், அதைக் கொண்டு வந்தவரை நம்ப வேண்டியிருந்தது.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள், ஆண்டுக்கொரு முறை புறப்படும் கப்பல்களுக்காகக் காத்துக் கிடந்தன. மறுமொழி வந்து சேர ஆண்டுகள் கழிந்தன. மொலுக்காத் தீவுகளில் பணியாற்றியபோது, தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை மட்டும் வெட்டியெடுத்துத் தம்முடனேயே வைத்திருந்தார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. கடிதம் அரிதாயிருந்த காலத்தில் ஒரு கையொப்பம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அறிந்த கை கிடைக்காத இடத்தில் மனிதன் என்ன செய்தான்? தென்னாப்பிரிக்காவின் மோசல் வளைகுடாவில் இதற்கு விடை இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பிய போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவர் பேரு தெ அத்தாயிதே, தமக்கு நேர்ந்ததை எழுதி, கடற்கரை மரம் ஒன்றில் பழைய காலணிக்குள் வைத்துச் சென்றார் என்பது வரலாறு. 1501-இல் இந்தியா நோக்கி வந்த ஜுவாங் தா நோவா அதைக் கண்டெடுத்தார். யார் வருவார் என்று தெரியாது. வருகிறவர் எடுப்பாரா என்பதும் தெரியாது. ஆயினும் எழுதி வைத்தார். அந்த மரத்தின் அருகே இன்று காலணி வடிவிலேயே ஓர் அஞ்சல் பெட்டி நிற்கிறது. அங்கே போடப்படும் கடிதங்களுக்குத் தனி முத்திரையும் உண்டு.

பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுக் கூட்டத்தில், புளோரியானா என்னும் தீவில் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. திமிங்கில வேட்டைக்குச் சென்ற மாலுமிகள் தம் வீட்டுக் கடிதங்களை அதில் போட்டு வைப்பர். ஊர் திரும்பும் கப்பலில் செல்வோர், தம் ஊர்ப் பக்கம் செல்ல வேண்டிய கடிதங்களை எடுத்துச் சென்று சேர்ப்பர். அஞ்சல்தலை இல்லை, கூலியும் இல்லை. இன்றும் அங்குச் செல்லும் பயணிகள் அவ்வழக்கத்தைக் காத்து வருகின்றனர். அறிந்த கையிலிருந்து அறியாத கைக்குக் கடிதம் இடம் மாறிய கதை இவ்வாறு தொடங்குகிறது.

சிங்கத்தின் வாய்

எல்லாப் பெட்டிகளும் அன்பைச் சுமக்கப் பிறந்தவை அல்ல. வெனிசு நகரில் ஆட்சித் தலைவரின் மாளிகைச் சுவரில், கல்லில் செதுக்கிய முகங்களின் வாய் பிளந்திருப்பதை இன்றும் காணலாம். 'சிங்கத்தின் வாய்' என்பது அவற்றின் பெயர். குடிமக்கள் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டி எழுதிய தாள்களை அவ்வாய்களில் போட்டுச் செல்வர். சுவருக்கு அப்பால் பூட்டிய பெட்டி. அதைத் திறப்பது அரசின் கை.

புளோரன்சு நகரிலும் இத்தகைய பெட்டிகள் இருந்தன. 1476-இல் இளம் ஓவியராயிருந்த லியொனார்தோ தா வின்சியின் மீதும் பெயரிடாத தாள் ஒன்று பெட்டியில் விழுந்தது. வழக்கு நிலைபெறாமல் தள்ளப்பட்டது. எழுதியவர் யார் என்பது ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தெரியவில்லை. மொட்டைக் கடிதத்தின் கொடுமையை நம் பங்குகளும் நம் ஊர்களும் நன்கு அறியும். அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பெட்டி என்னவோ ஒன்றுதான். வாயும் பூட்டும் சாவியும் இரண்டுக்கும் உண்டு. ஒன்றில் அயலானைக் காட்டிக் கொடுக்கும் தாள் விழுந்தது. மற்றொன்றில், "நலம், நலமறிய ஆவல்" என்ற தாள் விழுந்தது. ஒரு கருவி நன்மைக்கு ஆவதும் தீமைக்கு ஆவதும் அதைச் சூழ்ந்துள்ள மக்களின் நெறியைப் பொறுத்தது என்பதை இந்த இரண்டு பெட்டிகளும் காட்டுகின்றன.

பாரிசில் புகுந்த எலிகள்

கடிதம் அனுப்புவதற்கென்றே தெருக்களில் பெட்டி வைத்த பெருமை பாரிசு மாநகருக்கு உரியது. 1653-இல் ரெனுவார் தெ வில்லாயே என்பவர் பதினான்காம் லூயி மன்னரிடம் உரிமை பெற்று, நகரின் பல இடங்களில் பெட்டிகளை நிறுவினார். ஒரு சூ காசு கொடுத்து, கட்டணம் செலுத்தப்பட்டதைக் காட்டும் தாள் ஒன்றை வாங்கிக் கடிதத்தோடு இணைத்துப் பெட்டியில் போட்டால் போதும். நாளுக்குச் சில முறை ஆட்கள் வந்து எடுத்துச் செல்வர். அஞ்சல்தலை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது என்பது வியப்புக்குரியது.

ஆனால் அது நீடிக்கவில்லை. பொறாமை கொண்ட சிலர் பெட்டிகளுக்குள் எலிகளை விட்டனர் என்றும், அவை கடிதங்களைக் கடித்துக் குதறின என்றும் அக்கால எழுத்தாளர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எலிக் கதை எவ்வாறாயினும், காவலில்லாப் பெட்டி வாழ வேண்டுமானால் ஊர் முழுவதும் அதைத் தன்னுடையதாகக் கருத வேண்டும். ஒரு சிலருடைய குறும்பே அதைக் கெடுக்கப் போதும். பாரிசில் நகர அஞ்சல் மீண்டும் வெற்றியுடன் எழ 1760 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரு காசும் ஒரு புதின ஆசிரியரும்

இன்று நாம் அறிந்த தெருப் பெட்டி பிறப்பதற்கு முன் ஒரு தடை நீங்க வேண்டியிருந்தது. 1840 வரை இங்கிலாந்தில் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே கட்டணம் செலுத்தினார். தொலைவுக்கு ஒரு விலை. தாள் எண்ணிக்கைக்கு ஒரு விலை. ஏழைத் தாய் தன் மகன் எழுதிய கடிதத்தைப் பெறக் காசில்லாமல் திருப்பி அனுப்ப நேர்வதும் உண்டு. ரோலண்டு ஹில் என்னும் பள்ளி ஆசிரியர் 1837-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, நாடு முழுவதும் ஒரே கட்டணம் போதும், அதை அனுப்புபவரே முன்னதாகச் செலுத்தட்டும் என வாதாடினார். 1840 சனவரி 10 அன்று ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அஞ்சல்தலை பயன்பாட்டுக்கு வந்தது. 1839-இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்களின் தொகை, 1840-இல் சுமார் 16.9 கோடியாக உயர்ந்தது.

அஞ்சல்தலைக்கும் தெருப் பெட்டிக்கும் உள்ள உறவை ஈண்டு நோக்க வேண்டும். கட்டணத்தைக் கணக்கிட்டு வாங்க எழுத்தர் ஒருவர் தேவைப்பட்ட வரையில், கடிதத்தை அலுவலகத்திலோ, கைமணி அடித்தபடி தெருவில் வந்த ஆளிடமோதான் கொடுக்க முடிந்தது. கட்டணம் கடிதத்தின் மேலேயே ஒட்டப்பட்டுவிட்ட பின், வாங்குவதற்கு மனிதர் தேவையில்லை. வாயுள்ள ஒரு பெட்டி போதும்.

அப்பெட்டியை இங்கிலாந்தின் ஆட்சிப் பரப்புக்குள் கொண்டு வந்தவர் ஆன்டனி டிரோலப். ஆங்கிலப் புதின ஆசிரியராகப் புகழ் பெற்ற இவர், வாழ்வின் பெரும் பகுதியை அஞ்சல் துறை அலுவலராகக் கழித்தவர். 1851-இல் இங்கிலீசுக் கால்வாய்த் தீவுகளின் அஞ்சல் ஏற்பாட்டை ஆராய அனுப்பப்பட்டார். பிரான்சில் கண்ட முறையை இங்கும் பின்பற்றலாம், தெருவோரங்களில் பெட்டி வைத்துப் பார்க்கலாம் என்று அறிக்கை எழுதினார். 1852 நவம்பர் மாதத்தில் ஜெர்சித் தீவின் செயின்ட் ஹெலியர் நகரில் நான்கு வார்ப்பிரும்புப் பெட்டிகள் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டு கெர்ன்சித் தீவிலும், இங்கிலாந்தின் கார்லைல் நகரிலும் பெட்டி வந்தது. 1855-இல் இலண்டன் தெருக்களில் பெட்டிகள் தோன்றின. கெர்ன்சியில் அன்று நட்ட பெட்டிகளுள் ஒன்று இன்றும் யூனியன் தெருவில் நிற்கிறது.

பெட்டி வந்த உடனேயே மக்கள் நம்பிவிடவில்லை. டிரோலப் தாமே எழுதி 1869-இல் நூலாக வந்த புதினம் ஒன்றில், தெருவோர இரும்புத் தூணில் போடும் கடிதம் ஒருநாளும் போய்ச் சேராது என்று உறுதியாக எண்ணி, ஒவ்வொரு கடிதத்தையும் அஞ்சல் நிலையத்துக்கே அனுப்பி வைக்கும் முதிய சீமாட்டி ஒருத்தி வருகிறாள். பெட்டிக்கு வழி வகுத்தவரே பெட்டியை நம்பாதவரைப் படைத்துக் காட்டினார் என்பது சுவையான செய்தி. நகைப்புக்கு அடியில் ஓர் உண்மையும் இருக்கிறது. நம்பிக்கை ஆணையால் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் தவறாமல் போய்ச் சேர்ந்த பின்னரே வந்தது.

நிறமும் முடியும்

தொடக்கத்தில் பெட்டிகள் ஊருக்கு ஒரு வடிவாய் இருந்தன. அறுகோணம், எண்கோணம், கிரேக்கத் தூண் என்று அவ்வவ்வூர் வார்ப்பாலைகளின் விருப்பப்படி அமைந்தன. 1859-இல் பொது வடிவமும் பச்சை நிறமும் வகுக்கப்பட்டன. ஊரின் அழகைக் கெடுக்காமல் அடங்கி நிற்கட்டும் என்பது எண்ணம். அடக்கம் அளவு மீறிப்போனதால் பெட்டி எங்கே இருக்கிறது என்றே மக்களுக்குத் தெரியவில்லை. 1874-இல் சிவப்பு நிறம் தீட்டத் தொடங்கினர். எல்லாப் பெட்டிகளும் நிறம் மாறப் பத்தாண்டுகள் ஆயின. 1879 முதல் 1887 வரை வார்க்கப்பட்ட பெட்டிகளிலோ, அரசியின் பெயரெழுத்தையும் துறையின் பெயரையும் பொறிக்கவே மறந்துவிட்டனர். 'பெயரிலாப் பெட்டிகள்' என்று ஆர்வலர் அவற்றை அழைக்கின்றனர். பெயர் இல்லாத போதும் அவை கடிதங்களை ஒழுங்காகவே சுமந்தன.

அரசர் மாறும்போது பெட்டியில் பொறிக்கும் எழுத்தும் மாறும். 1922-இல் அயர்லாந்து தன்னாட்சி பெற்றபோது, பிரித்தானியச் சிவப்புப் பெட்டிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பிடுங்கி எறியவில்லை. பச்சை வண்ணம் பூசினர், அவ்வளவே. விக்டோரியா அரசியின் பெயரெழுத்தைப் பச்சை வண்ணத்தின் கீழ் இன்றும் தடவிப் பார்க்கலாம். இசுகாத்துலாந்தில் நிலை வேறு. முதலாம் எலிசபெத்து தம் நாட்டை ஆண்டதே இல்லையாதலால், புதிய அரசியை 'இரண்டாம்' எலிசபெத்து என்று பொறிப்பது தகாது என்று பலர் சினந்தனர். எடின்பரோவின் இஞ்ச் பகுதியில் நிறுவிய புதுப் பெட்டி 1953-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பின் அந்நாட்டுப் பெட்டிகளில் இசுகாத்துலாந்து மணிமுடி மட்டும் பொறிக்கப்படலாயிற்று. சிறு பெட்டிதான், அதன் நெற்றியில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதில் ஒரு நாட்டின் தன்மானம் அடங்கியிருந்தது.

நம்பிக்கை முறிந்த நாள்கள்

பெட்டியில் போட்ட கடிதம் பிறர் கண்ணில் படாது என்ற உறுதிதான் அஞ்சலின் உயிர்மூச்சு. அந்த உறுதி முறிந்த நாள்களும் உண்டு. 1844-இல் இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலிய விடுதலை வீரர் மாட்சினிக்கு, தம் கடிதங்களை யாரோ பிரித்துப் பார்க்கின்றனர் என்ற ஐயம் எழுந்தது. உறைகளுக்குள் கசகசா விதைகளையும் மணலையும் தலைமுடியையும் இட்டு அனுப்பச் செய்து சோதித்தார். கடிதம் வந்தது, விதைகள் வரவில்லை. செய்தி பாராளுமன்றத்துக்குச் சென்றது. உள்துறை அமைச்சர் சர் ஜேம்சு கிரகாமின் ஆணையின்பேரில் கடிதங்கள் பிரிக்கப்பட்டன என்பது வெளிப்பட்டது. நாடே கொதித்தது. அஞ்சல் துறைக்குள் இயங்கிய மறைவான பிரிவு அவ்வாண்டே மூடப்பட்டது. வெளிநாட்டார் ஒருவருடைய கடிதத்துக்காக ஒரு நாட்டின் மக்கள் எழுந்து கேட்டனர் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. அவருடைய கடிதம் பிரிக்கப்பட்டால் தம் கடிதமும் பிரிக்கப்படும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மற்றொரு முறிவு மக்களின் பக்கத்திலிருந்தே வந்தது. வாக்குரிமை மறுக்கப்பட்ட இங்கிலாந்துப் பெண்களுள் தீவிரப் பிரிவினர், 1911 முதல் அஞ்சல் பெட்டிகளுக்குள் தீயிட்டும் மையும் அமிலமும் ஊற்றியும் போராடினர். அவர்கள் கோரிக்கை நியாயமானது. இன்று அதை மறுப்பார் இல்லை. ஆனால் அப்பெட்டிகளில் எரிந்த கடிதங்களுள் வேலை தேடும் பணிப்பெண்ணின் விண்ணப்பமும் இருந்திருக்கலாம், மகனுக்குத் தாய் எழுதிய மடலும் இருந்திருக்கலாம். நீதியான நோக்கம், தொடர்பில்லாத எளியவரின் கடிதத்தை எரிக்கலாமா? வரலாறு இக்கேள்வியை நம்முன் வைத்துவிட்டு நகர்கிறது. நாமும் எளிதில் விடை கூறிவிட முடியாது.

வேலியோரத்துப் பெட்டி

கடிதம் போடும் பெட்டி ஒருபுறமிருக்க, கடிதம் பெறும் பெட்டிக்கும் தனிக் கதை உண்டு. அமெரிக்க நாட்டுப்புறத்து உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, தம் கடிதங்களைப் பெறத் தொலைவிலுள்ள அஞ்சல் நிலையத்துக்கு வண்டி கட்டிச் செல்ல வேண்டியிருந்தது. நகரத்தாருக்கு 1863 முதலே வீட்டுக்கு இலவசமாகக் கடிதம் வந்தது, பயிரிடுவோருக்கு வரவில்லை. 1896 அக்டோபரில் மேற்கு வர்சீனியாவில் தொடங்கிய சோதனை வெற்றி பெற்று, 1902-இல் நிலையான திட்டமாயிற்று.

உழவர்கள் மகிழ்ச்சியோடு தம் வேலியோரம் பெட்டி வைத்தனர். பெட்டி என்றா சொன்னோம்? பன்றிக்கொழுப்பு வந்த வாளி, இனிப்புப் பாகு வந்த தகரம், சோப்பு வந்த மரப்பெட்டி எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கம்பில் கட்டி வைத்தனர். மழையில் கடிதம் நனைந்தது. ஊழியர் திண்டாடினார். 1915-இல் ராய் ஜோரோல்மன் என்னும் அஞ்சல் துறைப் பொறியாளர், மேற்பகுதி வளைந்த, சுரங்கப் பாதை போன்ற ஒரு பெட்டியை வடிவமைத்தார். பக்கத்தில் ஒரு சிறு செங்கொடி. அனுப்ப வேண்டிய கடிதம் உள்ளே இருந்தால் வீட்டார் கொடியை உயர்த்தி வைப்பர். வண்டியில் வரும் ஊழியர் கண்டு நிற்பார். நூற்றாண்டு கடந்தும் அந்த வடிவம் மாறவில்லை. எளிய பொருள் நெடுநாள் வாழும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வடிவத்தைப் பெற்றும் அவ்வூரார் அடங்கவில்லை. பழைய கலப்பையின் மேல் ஒருவர் நிறுத்தினார், பால் கேனின் மேல் இன்னொருவர், வண்ண மீன் போல் தீட்டினார் வேறொருவர். வீட்டாரின் குணத்தை வாசலிலேயே படித்துக்கொள்ளலாம்.

நகரங்களில் நிலைமை வேறாக இருந்தது. ஊழியர் கதவைத் தட்டி, வீட்டார் வந்து திறக்கும் வரை காத்து நின்றார். அவ்வாறு காத்து நிற்பதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வீணாயிற்று. எனவே 1923-இல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டியோ, கதவில் ஒரு திறப்போ இருக்க வேண்டும் என்று விதித்தனர். காலம் மிச்சமாயிற்று. கதவருகே நின்று இரண்டு வார்த்தை பேசும் வழக்கமும் அதோடு குறைந்தது.

நம் நாட்டுச் செம்பெட்டி

நம் நாட்டில் சென்னைத் தலைமை அஞ்சல் நிலையம் 1786-இல் தொடங்கியது. அஞ்சல் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய கோலுடன் காட்டு வழிகளிலும் ஓடினர். ஆயினும் தொலைவுக்கேற்ற கட்டணம் ஏழைகளைத் தள்ளியே வைத்தது. 1854 அக்டோபர் 1 அன்று, டல்ஹௌசியின் ஆட்சிக் காலத்தில், நாடு முழுவதற்கும் ஒரே கட்டண முறை வந்தது. அரை அணா அஞ்சல்தலை ஒட்டிய கடிதம் குமரியிலிருந்தாலும் சென்னையிலிருந்தாலும் இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. 1879-இல் கால் அணா அஞ்சலட்டை வந்தபோதுதான் உண்மையான புரட்சி நிகழ்ந்தது. உறை வாங்க இயலாதவரும் எழுதினர். எழுதத் தெரியாதவர் எழுதச் சொல்லி அனுப்பினர். விடுதலை பெற்ற 1947-இல் நாட்டில் இருந்த அஞ்சல் நிலையங்கள் 23,344. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிற்றூர்களில் உள்ளன. நிலையம் எட்டாத சிற்றூர்களுக்கும் பெட்டி எட்டியது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது, தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் 6 என்ற எண் முதலெழுத்தாயிற்று.

கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய ஆண்டுகளில் நாம் கண்ட ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வராந்தாவில் கூடுவர். கையில் நீல நிற ஏரோகிராம். வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு மறுமொழி எழுத வேண்டும். "நான் சொகமா இருக்கேன்னு எழுதுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைப்பர். காய்ச்சலையும் கடனையும் எழுத விடமாட்டார்கள். எழுதி முடித்ததும் கடிதத்தை நம்மிடம் தர மாட்டார்கள். தாமே சென்று பெட்டியில் போட வேண்டும். போட்ட பின் விரலை வாய்க்குள் விட்டு, தாள் உள்ளே விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்ப்பர். பெட்டியை ஒருமுறை தட்டுவர். எழுத்தறியாத அந்தத் தாயின் நம்பிக்கை எதன்மேல் நின்றது? மகனை அவளுக்குத் தெரியும். எழுதியவரைத் தெரியும். இடையிலுள்ள ஆயிரம் கல் தொலைவில் அக்கடிதத்தைத் தொடும் ஒருவரையும் தெரியாது. தெரியாத அத்தனை பேரும் நேர்மையாளர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பெரும்பாலும் அவள் எண்ணம் பொய்க்கவில்லை.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. சட்டமும் பூட்டும் துணை நின்றன, உண்மை. ஆனால் கோடிக்கணக்கான கடிதங்களைக் காத்தது, குறைந்த ஊதியத்தில் வெயிலில் மிதிவண்டி மிதித்த ஊழியரின் நாணயம். பெட்டியில் கை வைக்காத ஊர்ச் சிறுவர்களின் ஒழுக்கம். பிறர் கடிதத்தைப் பிரிப்பது இழிவு என்று கருதிய பொது மனச்சான்று. இவை மூன்றும் கூடி நின்ற இடமே அந்தச் சிவப்புப் பெட்டி.

மூடப்படும் வாய்

இப்போது அந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நம் நாட்டில் தந்தி 2013 சூலையில் நின்றது. பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டில் 1624 முதல் நடந்து வந்த அரசு அஞ்சல் பணி, 2025 டிசம்பர் 30 அன்று தன் இறுதிக் கடிதத்தைச் சேர்த்துவிட்டு நிறைவு பெற்றது. நாடெங்கும் நின்ற சுமார் 1,500 செம்பெட்டிகளை அவ்வாண்டு சூன் முதல் அகற்றினர். கடிதம் கொண்டு சேர்க்கும் வேலையைத் தனியார் நிறுவனம் ஒன்று தொடர்கிறது.

கைப்பேசியை நாம் பழிக்கவில்லை. வளைகுடாவிலுள்ள மகனின் முகத்தைத் தாய் நாள்தோறும் திரையில் காண்பது பெரும் பேறு. ஏரோகிராமை நனைத்த கண்ணீர் திரும்ப வேண்டும் என்று யாரும் விரும்பார். ஆயினும் இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது, கைப்பேசியை இயக்க இயலாத முதியோரும், ஓய்வூதியச் சான்று அனுப்ப அஞ்சலையே நம்பியிருப்போரும், சிறையிலிருந்து வீட்டுக்கு எழுதுவோரும் இன்னும் இருக்கின்றனர். பெருவாரியானோருக்குத் தேவையில்லை என்பதால் சிலருக்கு உள்ள ஒரே வாயிலை அடைப்பது நீதியாகுமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, பெட்டி மறைந்தாலும் அது கற்பித்த ஒழுக்கம் மறைய வேண்டியதில்லை. பிறருக்கு வந்த செய்தியை எட்டிப் பார்ப்பதும், நம்பிக் கூறியதைப் படமெடுத்து நான்கு பேருக்கு அனுப்புவதும், பெயரை மறைத்துக்கொண்டு அயலாரைத் தூற்றுவதும் இன்று விரல் நுனியில் நடக்கின்றன. சிங்கத்தின் வாய் வெனிசில் மட்டும் இல்லை; நம் சட்டைப் பையிலும் இருக்கிறது. எந்தப் பெட்டியாக அதைப் பயன்படுத்துவது என்பது நம் கையில் உள்ளது.

உங்கள் தெருவில் இன்னும் ஒரு பெட்டி தொங்குகிறதா? வண்ணம் உதிர்ந்திருக்கலாம். மழைக்கூரையின் கீழ்ச் சிலந்தி வலை பின்னியிருக்கலாம். ஆனால் அதற்குரிய ஊழியர் ஒருவர், குறித்த நேரத்தில் வந்து, கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டே செல்கிறார். அடுத்த முறை அவர் திறக்கும்போது அது வெறுமையாய் இராதபடி, நெடுநாள் பேசாதிருக்கும் ஒருவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுவோம்.